வேகாத தலை

சிப்பிமுனையில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் இடையே ஆள் விழுவது, ஐப்பசியில் மழை விழுவதைப் போல முறைப்படி நடந்துவந்த காரியம். ஒரு நங்கூரக் கயிற்றை யார் அறுத்தது என்பதில் தொடங்கி, அறுத்தவனும் கயிற்றுக்குச் சொந்தக்காரனும் அந்தப் படகும் போய்ச்சேர்ந்த பிறகும் நிற்காமல், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று ஐந்து பேரை வாங்கிவிட்டு, ஆறாவதாக மேலத்தெருச் சந்தியாகுவின் ஒரே மகன் ராயப்பன் பெயரில் வந்து நின்றது. பதில் விழுகிற நாள் எப்போதும் மாதா கோயில் திருவிழாவில் கொடி இறங்குகிற நாள்தான். எந்த வருஷம், எந்த ஆள் என்பதை முறைக்காரத் தெரு தை மாதமே ஊர்க்கமிட்டியில் சொல்லிவிட வேண்டும்; சொல்லாவிட்டால் பேண்டு வாத்தியக்காரர்களுக்கும் அசனச் சாப்பாட்டுக்கும் இடைஞ்சல். இந்த வருஷம் கீழத்தெருச் சிலுவை கமிட்டிக்கு வந்து, "ராயப்பன். வெட்டுறது என் மகன் கஸ்பார்" என்று சொல்லி, கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டுப் போயிருந்தார்.

கமிட்டித் தலைவி கித்தேரியம்மாள், ஐஸ் பாக்டரிக்காரி. சந்தியாகுவுக்கு உடன்பிறந்த அக்காள். சிலுவைக்கு அண்ணன் பெண்டாட்டி. அவளுடைய புருஷனை வெட்டியது சந்தியாகுவின் வலது கை. அதற்கு முன்னால் அவளுடைய கடைசித் தம்பியை வெட்டியது சிலுவையின் வலது கை. இரண்டு கைகளும் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்து மறுபடி வலை இழுக்கத் தொடங்கி வருஷம் பலவாகிவிட்டன. அவள் மட்டும் அன்றிலிருந்து இரண்டு பேரையும் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடுவதில்லை. "ஏ மேலத்தெரு", "ஏ கீழத்தெரு" என்பாள், அவ்வளவுதான்.

சந்தியாகு அவளிடம் போய், ஐஸ் கட்டிகள் புகைகிற வாசலில் நின்றுகொண்டு, "யக்கா, நான் தலைச்சோறு கேக்குதேன்" என்றார்.

தலைச்சோறு என்றால், பகையாளிகள் இரண்டு பேரும் ஒரே தட்டில், ஒரே மீன் தலையைப் பிய்த்து, வலது கையால் சோற்றோடு சேர்த்துத் தின்று பகையை முடித்துக்கொள்வது. கேட்டுவிட்டால் மற்றவன் வரமாட்டேன் என்று சொல்லக்கூடாது. ஆனால் வந்து உட்கார்ந்தபின், சாப்பாடு சரியில்லை என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடலாம். அப்படி எழுந்துவிட்டால் அந்த முறைக்கு இன்னொரு தலைச்சோறு கிடையாது. அதனால் ருசியாகச் சமைக்கிற வீடு வேண்டும். எந்த வீட்டில் சமைப்பது? மேலத்தெரு அடுப்பில் சமைத்தால் கீழத்தெரு விஷம் என்னும், கீழத்தெரு அடுப்பென்றால் மேலத்தெரு அதையே சொல்லும். ஒன்பது நாள் பேசியும் ஓர் அடுப்பு கிடைக்காமல், கடைசியில் இரண்டு தெருவுக்கும் நடுவில் பஜாரில் இருக்கிற பிரகாசத்தின் சுஷி கடைதான் என்று முடிவாயிற்று. அங்கே எல்லாவற்றையும் கண்ணுக்கு எதிரே வெட்டி கண்ணுக்கு எதிரே வைப்பதால், விஷத்துக்கு ஒளிய இடம் இல்லை.

பிரகாசம் பதினெட்டு வருஷம் ஜப்பான் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். பக்கத்தில் அனல்மின் நிலையம் கட்ட வந்த ஜப்பான் இன்ஜினியர்களை நம்பிக் கடை போட்டான். கட்டி முடித்ததும் அவர்கள் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அதன்பின் காலேஜ் பிள்ளைகள் வந்து படம் எடுத்துக்கொண்டு, எதிர்க் கடையில் பரோட்டா தின்றுவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட கடையில் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், ஒரு மேஜைக்கு இந்தப் பக்கம் சந்தியாகுவும் அந்தப் பக்கம் சிலுவையும் நடுவில் கித்தேரியும் உட்கார, வாசலில் இரண்டு தெரு ஆட்களும் துடுப்பும் மீன் குத்துகிற மண்டா ஈட்டியுமாக வெயிலில் நின்றார்கள்.

முதலில் ஒரு தட்டு வந்தது. அதில் கட்டைவிரல் நீளத்துக்குச் சோற்று உருண்டைகள் ஆறு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டு மீன், ஈரத்துணி போலப் படுத்திருந்தது.

"இது என்னல?" என்றார் சிலுவை.

"இதான் அண்ணாச்சி சாப்பாடு."

"சாப்பாட்டுக்கு முன்னாடி குடுக்குறதா, பின்னாடி குடுக்குறதா?"

"இதேதான் அண்ணாச்சி."

சந்தியாகு ஒன்றை எடுத்து வாயில் போட்டார். சோறு சில்லிட்டுக் கிடந்தது. நேற்றுப் பழையது போலப் புளித்தும், பிள்ளைக்குக் கொடுக்கிற மருந்து போல இனித்தும் இருந்தது. மீனோ, கடலில் விழுந்தவன் தெரியாமல் குடித்த ஒரு வாய்த் தண்ணீர். ஆனாலும் மகன் முகத்தை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டி, "நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்றார்.

சிலுவைக்கு ஒவ்வொரு ஏமாற்றமும் பாயசம் குடிப்பதாக இருந்தது. "குழம்பு எங்க வேய்?" என்றார். குழம்பு கிடையாது. "பொரிச்சது?" கிடையாது. "ரசம்?" பிரகாசம் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பாக ஏதோ கொண்டுவந்து வைத்தான், அதில் நாலு துண்டு கடல்பாசி மிதந்தது. வலையில் மாட்டினால் திட்டிக்கொண்டே பிய்த்தெறிகிற அதே பாசி. சிலுவை வாசலைப் பார்த்துச் சத்தமாக, "ஏ மக்கா, நம்ம கழிச்சுப்போடுததை இவன் கிண்ணத்துல வச்சுக் குடுக்காம்ல" என்று சொல்ல, கீழத்தெரு முழுக்கச் சிரித்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கையைத் துடைக்கப் போகிறார்.

சந்தியாகு எழுந்தே விட்டார். "பொறும் மச்சான்! தலையே வரலியே. தலையப் பாத்துட்டுல்லா எந்திரிக்கணும்? லே பிரகாசம், தலை எங்க?"

"தலையா? அது ஐஸ் பெட்டியில கிடக்கு. தூரப் போடத்தான் வச்சிருக்கேன்."

"கொண்டா."

"பச்சையா இருக்கு அண்ணாச்சி. நம்ம கடையில அடுப்பே கிடையாது. சோறு கரண்டுல வேகுறதோட சரி."

கித்தேரியம்மாள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "ஏ மேலத்தெரு, வேகாத தலை தலைச்சோத்துல சேராது. அடுப்புல ஏறுற வரைக்கும் மீனுக்குக் கோவம் அடங்கி இருக்காது."

"தலைன்னுதான முறை? வெந்த தலைன்னு யாரு சொன்னா?" என்றார் சந்தியாகு. மகனுக்காகப் பதறுகிறவன் வாயில் வருவதற்கு அளவு உண்டா? "இவன் கண்டதெல்லாம் பச்சையா திங்கச் சொல்லுதான், இதையும் திம்போம்."

வந்தது ஒரு சீலா மீன் தலை, கைப்பெட்டி அளவு, கண் இன்னும் கண்ணாடியாய் மின்னியது. தட்டில் வைத்ததும், எடுத்தவன் முந்தினான் என்ற பேச்சு வரக்கூடாதென்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வலது கையை நீட்டினார்கள். தலை வாயைத் திறந்தது. இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை உள்ளே போயின. தலை வாயை மூடிக்கொண்டது.

சிலுவை, "ஐயோ" என்றார். சந்தியாகு, "யம்மா" என்றார். மேஜையில் இரண்டு ரத்தமும் ஒன்றாக ஓடி, மிச்சமிருந்த ஐந்து சோற்று உருண்டைகளையும் சிவப்பாக்கிற்று. பிரகாசம் துணி எடுத்துத் துடைத்தான். கித்தேரி எழுந்து, "சொன்னேன்லா" என்றாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், புதிதாகப் போட்ட ரோட்டில் வேகத்தடை வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி. முதலில் ஒருமுறை எல்லோரும் தடுக்கிக்கொண்டார்கள், அப்புறம் அதற்குத் தக்கபடி மெதுவாக ஓட்டப் பழகிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சீட்டு போடுவதா, மீனுக்கும் ஒன்று போடுவதா என்று அரைநாள் யோசித்துவிட்டு டாக்டர் ரம்பத்தை வைத்தார். ரம்பம் மீன் எலும்பில் பட்டதும் இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தியதில் ஜன்னல் கண்ணாடி உடைந்தது, மீனுக்கு ஒரு கீறல் இல்லை. "சாப்பாட்டுக்கு அப்புறம் தினம் ரெண்டு வேளை" என்று வலி மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். கோயிலில் சாமியார் அவர்களுக்கென்று முதல் பெஞ்சில் இடம் விட்டார், நற்கருணையை நாக்கில் வைத்தார். சலூன்காரர் இரண்டு நாற்காலியை ஒட்டிப் போட்டார். மேலத்தெருவில் தங்க ஒருவர் சம்மதிக்கவில்லை, கீழத்தெருவில் தங்க மற்றவர் சம்மதிக்கவில்லை. ஆகவே கித்தேரியின் ஐஸ் பாக்டரியில் ஒரு கட்டிலைப் போட்டு, தலைக்கு மட்டும் ஐஸ் வைத்து, அங்கேயே குடியிருந்தார்கள். தலை அழுகவில்லை. நாற்றம்கூட இல்லை. அதன் கண் மட்டும், எவன் வாயில் கெட்ட வார்த்தை வந்தாலும் அந்தப் பக்கம் திரும்பும். அதனால் பஜாரில் மீன் விற்கிற பெண்கள்கூட அவர்கள் வருகிறபோது சண்டையை நிறுத்தி, போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

ஆனால் அவர்கள் இருவரும் நிறுத்தவில்லை. விடிந்ததும் இடது கையால் ஆளுக்கு ஒரு குத்து, அப்புறம்தான் பல் தேய்ப்பது. மத்தியானம் தலையால் முட்டிக்கொள்வார்கள். சிலுவை சந்தியாகுவின் காதைக் கடிப்பார், சந்தியாகு சிலுவையின் முழங்காலில் உதைப்பார், இரண்டு பேரும் ஐஸ் தரையில் வழுக்கிச் சேர்ந்தே விழுவார்கள். ஒரு குத்து விழுந்தால் மீன் பல் ஒரு நகக்கனம் கூடுதலாக இறங்கும். முதல் வாரத்தில் தோலில் நின்ற பல் இரண்டாம் வாரத்தில் எலும்பைத் தொட்டது.

தெருக்களும் சும்மா இருக்குமா? ஒருவரை அடித்தால் அது மற்றவர் மேலும் விழும் என்பதால், முதலில் கொஞ்சம் தயங்கி, பிறகு அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பெரியவர்கள் இருவரையும் நடுவில் உட்காரவைத்துவிட்டு, சுற்றிவர அடித்துக்கொள்வது. மூன்றாம் திங்கட்கிழமை படகுகள் கரையேறிய நேரத்தில் நடந்த அடியில், துடுப்பு முறிந்தது, மண்டா ஒருவன் தொடையில் ஏறி மறுபக்கம் எட்டிப் பார்த்தது, ஈர மணல் சிவந்து அலை வந்து கழுவ மறுபடி சிவந்தது, பதினேழு பேர் காயப்பட்டு விழுந்தார்கள், மூன்று காதுகள் தரையில் கிடந்தன. கித்தேரி அந்தக் காதுகளைப் பொறுக்கி, தண்ணீரில் அலசி, ஐஸில் வைத்து, சொந்தக்காரர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று மைக்கில் சொன்னாள். மூன்று காதுக்கு ஐந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவனுக்கு இரண்டு காதும் இருந்தது.

சந்தியாகுவுக்கு நாள் எண்ணுவதே வேலையாயிற்று. ஒருநாள் மத்தியானம், சிலுவை வாயைப் பிளந்து தூங்குகிறபோது, இடது கையை அவர் கழுத்தில் வைத்தார். சிலுவை கண்ணைத் திறக்காமலே, "அமுக்குலே மாப்ளே" என்றார். "அமுக்கிட்டா என்னையத் தூக்கிட்டு அலையணும், பாத்துக்கோ. நான் எம்பத்தஞ்சு கிலோ. அப்பவும் உன் மகனை என் மகன் வெட்டத்தான் செய்வான். கூடுதலா ஒரு காரணம் கிடைக்கும்."

சந்தியாகு கையை எடுத்துக்கொண்டார். "மச்சான், நீரே உம்ம மகன்கிட்ட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லும்."

"சொல்லலாம். அப்புறம் எங்க அண்ணன் குழிக்குள்ள புரண்டு படுப்பான். அவனை வெட்டுனது உன்னோட இந்தக் கைதான?" என்று சிலுவை மீன் வாயைக் காட்டினார்.

"எங்க தம்பியை வெட்டுனது பக்கத்துல கிடக்குல்லா, அந்தக் கை" என்றார் சந்தியாகு.

இருவரும் எழுந்து அன்றைய மத்தியானச் சண்டையைப் போட்டார்கள்.

சந்தியாகு ராயப்பனிடம் ஓடிப்போகச் சொல்லிப் பார்த்தார். அவன் படகு இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டே, "பேரு சொன்னப்புறம் எங்கப்பா ஓடுறது? ஓடினா சித்தப்பா மகன் பேரைச் சொல்லுவாங்க. அவனுக்குப் போன மாசந்தான் பிள்ளை பிறந்திருக்கு" என்றான். இருபத்துநாலு வயது. அவன் முதுகில் வியர்வை வழிந்து கால்சட்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்ற சந்தியாகுவை, இழுத்த இழுப்புக்கு வந்து நின்ற சிலுவையும் பார்த்தார். அப்புறம் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொடி இறங்குகிற நாள் வந்தது. கோயில் முற்றத்தில் மூவாயிரம் பேருக்கு அசனம். எட்டு அடுப்பில் எட்டு அண்டா, அதில் ஒன்றில் மட்டும் மீன் இன்னும் போடாத புளிக்குழம்பு தளதளவென்று கொதித்தது. மேலத்தெரு ஒரு பந்தி, கீழத்தெரு ஒரு பந்தி, நடுவே ஒரு பாதை. அந்தப் பாதையின் கொடிமரத்து முனையில் ராயப்பன் புதுச் சட்டை போட்டு நின்றான், கோயில் வாசல் முனையில் கஸ்பார் அருவாளைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றான். இருபத்தோரு வயதுப் பையன், காலையிலிருந்து இரண்டுமுறை வாந்தி எடுத்திருந்தான். பேண்டு வாத்தியம் முழங்கியது. கொடி இறங்கி மடிந்து சாமியாரின் கைக்கு வந்ததும் பேண்டு நின்றது. கஸ்பார் துணியை அவிழ்த்தான்.

சந்தியாகு அப்போது குழம்பு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முகத்தில் ஆவி அடித்தது. அந்தச் சூட்டில்தான் அவருக்கு எல்லாம் விளங்கியது. அக்காள் சொன்னதை அன்றைக்குக் கேட்டிருந்தால், ஒரே ஓர் அடுப்பு, ஒரே ஒரு கொதி, அதோடு முடிந்திருக்கும். இப்போதும் அடுப்பு இருக்கிறது.

"மச்சான்," என்றார், "தலையை வேகவச்சிருவோம்."

சிலுவை அண்டாவைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். "கையும்லா வேகும்?"

"வேகும்."

"எனக்கு என்ன கிறுக்கா?" என்று சிலுவை பின்னால் சாய்ந்தார். சந்தியாகு முன்னால் இழுத்தார். எண்பத்தைந்து கிலோ அசையவில்லை. பாதையில் கஸ்பார் நடக்கத் தொடங்கிவிட்டான். ராயப்பன் சட்டைப் பொத்தானைக் கழற்றுகிறான். சந்தியாகு சிலுவையின் வயிற்றில் முட்டினார், மூக்கில் குத்தினார், சிலுவை அவர் தொண்டையில் குத்தினார், பல் எலும்புக்குள் இறங்கி இருவர் வாயிலிருந்தும் ஒரே ஓலம் வந்தது. அடுப்புக் கல்லில் காலை ஊன்றிக்கொண்டு சிலுவை தன் பக்கம் இழுத்தார். இன்னும் பத்தடி இருக்கிறது கஸ்பாருக்கும் ராயப்பனுக்கும்.

பக்கத்து அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்த கித்தேரியம்மாள் அகப்பையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். வந்தவள் சிலுவையின் ஊன்றின காலை ஓர் உதை உதைத்தாள். அவர் நிலைகுலைந்த அந்த நொடியில் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தன் இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் கொதிக்குள் முக்கினாள்.

கத்தல் கேட்டு எட்டு அடுப்புக்காரர்களும் தள்ளிப் போனார்கள். சீலாத் தலை வேகிற நேரத்தைச் சிப்பிமுனைப் பெண்கள் கடிகாரத்தில் பார்ப்பதில்லை. மூன்று தடவை விசுவாசப் பிரமாண ஜெபத்தைச் சொல்லி இறக்குவார்கள். கித்தேரி முதல் பிரமாணத்தைத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை எப்படிச் சொல்வாளோ அப்படி, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, அவசரப்படாமல் சொன்னாள். அவள் விரல்களும் கொதியில்தான் இருந்தன.

"மதினி, போதும் மதினி!" என்று கதறினார் சிலுவை.

"இன்னும் வேகலை கொழுந்தனாரே" என்றாள் கித்தேரி. இரண்டாவதைத் தொடங்கினாள்.

"அப்பா!" என்று கஸ்பார் கத்தினான். அருவாள் எங்கே விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அவன் ஓடிவந்து அப்பாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தான். அவனுக்குப் பின்னாலேயே ஓடிவந்த ராயப்பன் தன் அப்பாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தான். சந்தியாகு அவர்களைத் தலையால் முட்டித் தள்ளினார். மூன்றாவதை அவரும் சேர்ந்து சொன்னார், பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு பந்தியில் இருந்த பெண்கள் சொன்னார்கள். பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் சிலுவையும் சொன்னார், நடுவில் இரண்டு வரியை விட்டுவிட்டார். ஆமென் என்றதும் சீலாவின் கண் வெள்ளையாகி, வாய் தானாகத் திறந்தது.

கைகள் வெளியே வந்தன. கைகள் என்று சொல்வது மரியாதைக்குத்தான். வெந்த கிழங்கை உரித்தமாதிரி இருந்தது. டாக்டர் பிறகு இரண்டையும் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார். அந்த அண்டாக் குழம்பை ஊர் என்ன செய்தது என்றால், மூவாயிரம் பேருக்குப் பசி, மீனைப் போட்டு இறக்கி ஊற்றிக்கொண்டது. ருசியில் குறை சொன்னவர் இல்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் பாக்கி இருந்தது. கித்தேரி, கொப்புளித்த கையோடு ஒரு தட்டில் சூடாகச் சோறு போட்டு, நடுவில் வெந்த தலையை வைத்து, மண்ணில் சாய்ந்து கிடந்த இருவருக்கும் நடுவே கொண்டுவந்து வைத்தாள்.

"தின்னுங்க."

"எதைக்கொண்டு தின்ன?" என்றார் சிலுவை. வலது கையால்தான் தின்ன வேண்டும் என்பது முறை.

கித்தேரி இரண்டு பையன்களையும் பார்த்தாள். "உங்க அப்பன்மாருக்குக் கை இல்ல. உங்களுக்கு இருக்குல்லா? உக்காருங்க. நீ அவருக்கு ஊட்டு, நீ இவருக்கு ஊட்டு. மாத்தி உக்காருல, உன் அப்பனுக்கு இல்ல."

ராயப்பன் சிலுவைக்கு எதிரே உட்கார்ந்தான். கஸ்பார் சந்தியாகுவுக்கு எதிரே உட்கார்ந்தான். அருவாள் பிடி அழுத்திய தடம் அவன் வலது உள்ளங்கையில் சிவப்பாகக் கிடந்தது. தலையின் கன்னத்துச் சதையைப் பிய்த்துச் சோற்றில் வைத்தான்.

சிலுவை வாயைத் திறக்கவில்லை. ராயப்பனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "முள்ளைப் பாத்து எடுத்துட்டுக் குடுலே" என்றார்.

ராயப்பன் குனிந்து முள்ளைத் தேடினான். கஸ்பாரும், அதைப் பார்த்துவிட்டு, தன் கையிலிருந்த உருண்டையைப் பிரித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று மயிரிழை முள்ளையெல்லாம் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, சந்தியாகுவின் வாய்க்கருகே கொண்டுபோனான். சந்தியாகு வாங்கிக்கொண்டார். மென்றார். விழுங்கினார். அதற்கப்புறம்தான் அவருக்குக் கை வலிக்கத் தொடங்கிற்று.